நிதி ஆலோசகரை எப்படி எடை போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த நிறுவனத்துக்கும் ஏஜென்ட் இல்லை, கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்பவனும் இல்லை. ஆனாலும் திருச்சியில் எங்கள் குடியிருப்பிலும் உறவு வட்டத்திலும், ஓய்வுப் பணம் கைக்கு வந்தவர்கள், முதல் சம்பளம் வாங்கிய பிள்ளைகள், வளைகுடாவிலிருந்து போன் செய்கிறவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பவை கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஆலோசகர் என்று வருகிறவரின் பின்னணி என்ன, அவர் யாருக்காக வேலை செய்கிறார், எப்படி வேலை செய்வார் என்பதே எல்லாருடைய சந்தேகமும். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதில்களைத் தொகுத்திருக்கிறேன். விதிகள் எல்லாம் இந்திய விதிகள்.

"நிதி ஆலோசகர்னா யாரு சார்? எங்க வீட்டுக்கு வர்ற இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் கார்டுல அட்வைசர்னுதானே போட்டிருக்காரு?"

கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதை விட, அவர் யாரிடம் பதிவு செய்திருக்கிறார் என்பதுதான் முக்கியம். நம் ஊரில் பணத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. இன்சூரன்ஸ் ஏஜென்ட், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகளின் கீழ் ஒரு நிறுவனத்தின் பாலிசியை விற்கிறவர். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி அமைப்பில் ஏ.ஆர்.என். என்ற எண் வாங்கி ஃபண்டுகளை விற்கிறவர். மூன்றாமவர்தான் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2013 ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் பதிவு செய்து, ஆலோசனைக்காக உங்களிடமே கட்டணம் வாங்குகிறவர்.

விநியோகஸ்தர்கள் 'சுயேச்சை நிதி ஆலோசகர்', 'வெல்த் அட்வைசர்' போன்ற பெயர்களைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2020-ல் செபி விதித்தது. ஆனால் பேச்சு வழக்கில் எல்லாரும் ஆலோசகர்தான். நாடு முழுவதும் பார்த்தாலும் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். அதனால் உங்கள் வீட்டுக்கு வருகிறவர் முதல் இரண்டு வகையில் ஒருவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அது தப்பு இல்லை. ஆனால் உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

"எங்க ஆள் ஒரு ரூபா கூட வாங்குறதில்லை. ஃப்ரீயாவே எல்லாம் பண்ணித் தர்றாரு. அது நல்லதுதானே?"

உங்கள் கையிலிருந்து வாங்குவதில்லை, அவ்வளவுதான். நீங்கள் வாங்கும் திட்டத்தின் நிறுவனம் அவருக்குத் தருகிறது. அந்தப் பணமும் உங்கள் பணத்திலிருந்துதான் போகிறது.

மியூச்சுவல் ஃபண்டில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 2009 ஆகஸ்ட் 1 வரை, நீங்கள் போடும் பணத்திலேயே நுழைவுக் கட்டணம் என்று ஒரு பகுதியைப் பிடித்தார்கள். செபி அதை நிறுத்தியது. இப்போது விநியோகஸ்தர் வழியாகப் போடும் ரெகுலர் திட்டத்தில் உங்கள் பணம் இருக்கும் வரை ஆண்டுதோறும் ஒரு சிறு சதவீதம் விநியோகஸ்தருக்குப் போகிறது. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டுக்கும் டைரக்ட் திட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. ஃபண்டு அதேதான், நிர்வகிக்கிறவரும் அவரேதான், கமிஷன் மட்டும் கிடையாது. பங்குச் சந்தை ஃபண்டுகளில் இந்த இரண்டுக்கும் இடையே அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை வித்தியாசம் இருப்பது சாதாரணம். 25 லட்சம் ரூபாய் முதலீட்டில் ஒரு சதவீதம் என்றால் வருடத்துக்கு 25,000 ரூபாய். ஃபண்டின் தினசரி மதிப்பிலேயே கழிந்துவிடுவதால் நாம் கவனிப்பதில்லை. அந்த 25 லட்சம் 20 வருடத்தில் 10 சதவீத வளர்ச்சியில் சுமார் 168 லட்சம் ஆகும், 9 சதவீதத்தில் சுமார் 140 லட்சம் ஆகும்.

பாரம்பரிய ஆயுள் காப்பீட்டில் கமிஷன் இன்னும் பெரிது. முதல் ஆண்டு பிரீமியத்தில் கால் பங்கைத் தாண்டுவது உண்டு. நல்ல மனிதர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்கே தெரியும். ஆனால் வருமானம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஒரு சாய்வு இருக்கும். அதனால்தான் யாரைப் பார்த்தாலும் முதலில் "உங்களுக்கு யார் பணம் தருகிறார்கள்?" என்று கேட்கச் சொல்கிறேன். நேர்மையானவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

"பதிவு இருக்குன்னு சொல்றாரு. நெசமான்னு எப்படிப் பார்க்குறது?"

செபி இணையதளத்தில் பதிவுபெற்ற இடைத்தரகர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் முதலீட்டு ஆலோசகர் பிரிவில் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடுங்கள். அந்த எண் ஐ.என்.ஏ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும், பின்னால் ஒன்பது இலக்கங்கள் வரும். பெயர், முகவரி, பதிவு நடப்பில் இருக்கிறதா என்ற மூன்றையும் ஒப்பிடுங்கள். அடுத்தவர் எண்ணைத் தன் எண்ணாகக் காட்டும் மோசடிகள் நடக்கின்றன. அதனால் எண் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது, அது உங்கள் எதிரில் இருப்பவருடையதாகவும் இருக்க வேண்டும்.

"என்ன படிச்சிருக்கணும்? சி.ஏ. முடிச்சவரா, சி.எஃப்.பி.யா, எம்.பி.ஏ.வா?"

செபி பதிவுக்கு செபி அமைத்த பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் முதலீட்டு ஆலோசகர் தேர்வுகளில் தேர்ச்சி கட்டாயம். 2020-ல் முதுகலைப் படிப்பும் ஐந்து ஆண்டு அனுபவமும் வேண்டும் என்று கடுமையாக்கினார்கள். ஆலோசகர் எண்ணிக்கை வளரவே இல்லை என்பதால் 2024 டிசம்பரில் அதைத் தளர்த்தி, பட்டப்படிப்பு போதும், அனுபவம் கட்டாயமில்லை என்று மாற்றினார்கள். ஆகவே பதிவு இருக்கிறது என்பதாலேயே அனுபவமும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

சி.எஃப்.பி. நிதித் திட்டமிடலுக்கான நல்ல சான்றிதழ். ஆனால் அது உரிமம் அல்ல. அதை வைத்துக்கொண்டே கமிஷனுக்கு விற்கிறவர்களும் உண்டு. ஆடிட்டர் வரி விஷயத்தில் கெட்டிக்காரராக இருப்பார், குடும்பத்தின் மொத்தத் திட்டம் அவர் வேலையாக இருக்க வேண்டியதில்லை. படிப்பை விட நான் கேட்கச் சொல்வது வேறு. 2008-லும் 2020 மார்ச்சிலும் சந்தை விழுந்தபோது இவர் தொழிலில் இருந்தாரா? தன் வாடிக்கையாளர்களிடம் அப்போது என்ன சொன்னார்? இதற்கு விவரமாகப் பதில் சொல்கிறவரிடம் சான்றிதழ் காட்டாத ஒன்று தெரியும். இளையவராக இருந்தால் அந்த அனுபவம் இருக்காது. அப்போது அவர் யாரிடம் வேலை பழகினார் என்று கேளுங்கள்.

"'வாடிக்கையாளர் நலனே முதல்'னு எல்லாரும்தான் போட்டிருக்காங்க. உண்மையா இல்லையான்னு வெளியில இருந்து எப்படித் தெரியும்?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பதிவுபெற்ற ஆலோசகருக்கு இது வெறும் வாசகம் இல்லை, சட்டக் கடமை. வாடிக்கையாளரின் நம்பிக்கைக்குரிய பொறுப்பாளராக நடந்துகொள்ள வேண்டும், தன் நலனும் உங்கள் நலனும் மோதும் இடங்களை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2013 விதிமுறையே சொல்கிறது. தனிநபர் ஆலோசகர் விநியோக வேலையே பார்க்கக் கூடாது. அவர் ஆலோசனை சொல்லும் வாடிக்கையாளருக்கு அவர் குடும்பத்தினரும் விற்கக் கூடாது. கணவர் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்வார், மனைவி பெயரில் இருக்கும் ஏ.ஆர்.என். எண்ணில் ஃபண்டு போடச் சொல்வார் என்றால் அது விதிமீறல். நிறுவனமாக இருந்தால், ஒரே குடும்பத்திடம் ஆலோசனைக் கட்டணம், கமிஷன் இரண்டையும் வாங்கக் கூடாது.

விதி ஒரு பக்கம். அவருக்கு லாபம் இல்லாத இடத்தில் என்ன சொல்கிறார் என்று கவனிப்பது இன்னொரு பக்கம். 14 சதவீத வட்டியில் தனிநபர் கடன் வைத்துக்கொண்டு ஃபண்டு போட வருகிறவரிடம் "முதலில் கடனை அடையுங்கள்" என்கிறாரா? "உங்களுக்கு இப்போது எதுவும் வாங்கத் தேவையில்லை" என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? தெரியாத விஷயத்தை, உதாரணமாக சொத்துப் பாகப்பிரிவினையை, "இதற்கு வக்கீலைப் பாருங்கள்" என்று அனுப்புகிறாரா? சொன்னதை எழுதிக் கொடுக்கிறாரா? வாயால் மட்டும் சொல்லி, கேட்டால் நழுவுகிறவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் வேண்டாம்.

"முதல் தடவை போகும்போது என்ன நடக்கும்? என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?"

நல்ல ஆலோசகர் முதல் சந்திப்பில் ஃபண்டு பெயரே எடுக்க மாட்டார். வீட்டில் யார் யார், வருமானம் எவ்வளவு, யாரைக் காப்பாற்றும் பொறுப்பு இருக்கிறது, கடன் என்ன, காப்பீடு என்ன, எதற்காகச் சேர்க்கிறீர்கள், எப்போது தேவைப்படும் என்பதையெல்லாம் கேட்பார். சம்பளச் சீட்டு, கடன் விவரம், பாலிசிப் பத்திரங்கள், பி.எஃப். கணக்கு விவரம், ஃபண்டுகளின் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை இவற்றை எடுத்துப் போங்கள். முடிந்தால் கணவன் மனைவி இரண்டு பேரும் போங்கள்.

அப்புறம் ரிஸ்க் படிவம் வரும். எவ்வளவு இறக்கத்தை உங்களால் தாங்க முடியும் என்று மதிப்பிடுவதும், அதற்குப் பொருத்தமானதை மட்டும் பரிந்துரைப்பதும் விதிப்படி கட்டாயம். பல இடங்களில் இதை ஒரு சடங்காகவே செய்கிறார்கள். அவரே டிக் அடித்துவிட்டு "இங்கே கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டினால் போடாதீர்கள். பின்னால் தகராறு வந்தால் முதலில் எடுத்துப் பார்க்கும் காகிதம் அதுதான். பென்ஷன் இல்லாத 62 வயதுக்காரரை 'அதிக ரிஸ்க் எடுக்கத் தயார்' என்று பதிவு செய்த படிவத்தை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அதில் என்ன எழுதியிருந்தது என்றே தெரியவில்லை. கடைசியாக எழுத்து ஒப்பந்தம். அது இல்லாமல் கட்டணம் கட்டக் கூடாது.

"கடன் இருக்கு, அதைச் சொல்ல வெட்கமா இருக்கு. மறைச்சா என்ன?"

மறைத்தால் திட்டம் தப்பாகத்தான் வரும். கைமாற்று, அடகு நகை, தம்பிக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்பதும் அவருடைய கடமைகளில் ஒன்று.

"ஃபீஸ் எவ்வளவு இருக்கும்? பேரம் பேசலாமா?"

தனிநபர், குடும்ப வாடிக்கையாளர்களிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு செபி உச்சவரம்பு வைத்திருக்கிறது. நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. சொத்து மதிப்பில் சதவீதம் என்றால் ஆண்டுக்கு 2.5 சதவீதம். இவை உச்சவரம்புகள்தான். நடைமுறையில் பலர் இதைவிட மிகக் குறைவாகவே வாங்குகிறார்கள். கட்டணத்தை ரொக்கமாக வாங்கக் கூடாது. வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ கட்டி, ரசீது வாங்குங்கள். பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைத் திருப்பித் தரவேண்டும். அதிகபட்சம் ஒரு காலாண்டுக் கட்டணத்தை அவர் பிடித்துக்கொள்ளலாம்.

எனக்கு நிலையான கட்டணம்தான் சரி என்று படுகிறது. சதவீதக் கட்டணத்தில் உங்கள் ஃபண்டு குறைந்தால் அவர் வருமானமும் குறையும். "இதை எடுத்து வீட்டுக் கடனை அடைக்கலாமா?" என்று கேட்டால் அவர் மனம் எந்தப் பக்கம் போகும் என்ற சந்தேகம் நமக்கு எழத்தான் செய்யும். பேரம் பேசலாம், தப்பில்லை. ஆனால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்வதை விட, அதில் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்குவதுதான் அதிகப் பயன் தரும். வருடத்துக்கு எத்தனை சந்திப்பு, வரி விஷயம் உண்டா, மனைவியின் கணக்குகளும் சேருமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

"மாசம் அஞ்சாயிரம்தான் என்னால போட முடியும். எனக்கெல்லாம் ஆலோசகர் தேவையா?"

தேவையில்லை என்றுதான் சொல்வேன். உங்கள் முதலீடு மூன்று லட்சம் என்றால், முன்பு சொன்ன ஒரு சதவீத வித்தியாசம் வருடத்துக்கு 3,000 ரூபாய். கட்டண ஆலோசகர் அதைப் போலப் பல மடங்கு கேட்பார். முதலில் ஆறு மாதச் செலவுக்கான பணம், உங்களை நம்பி யாராவது இருந்தால் டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு), ஒரு மருத்துவக் காப்பீடு, பிறகு அரசின் நீண்டகாலச் சேமிப்பான பி.பி.எஃப். அல்லது சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரு குறியீட்டு ஃபண்டு. இந்த அளவுக்கு நீங்களே செய்யலாம். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், ஊரில் கூப்பிட்டால் வருகிற, படிவம் நிரப்பித் தருகிற, சந்தை விழும்போது "நிறுத்தாதீங்க" என்று சொல்கிற நல்ல விநியோகஸ்தர் ஒருவர் அந்த 3,000 ரூபாய்க்குத் தகுதியானவர்தான்.

"நான் போட்டிருக்கிறது டைரக்டா ரெகுலரா எப்படித் தெரியும்? உடனே மாத்திடட்டுமா?"

கணக்கு அறிக்கையில் ஃபண்டின் பெயரோடே இருக்கும். ஆலோசகர் என்ற இடத்தில் ஒரு ஏ.ஆர்.என். எண் இருந்தால் ரெகுலர், 'டைரக்ட்' என்று இருந்தால் டைரக்ட். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த அறிக்கையில், உங்கள் முதலீட்டின் மூலம் விநியோகஸ்தருக்குப் போன தொகை ரூபாயிலேயே இருக்கும். பெரும்பாலானவர்கள் அந்த வரியைப் படித்ததே இல்லை. ஒருமுறை படித்துப் பாருங்கள்.

உடனே மாற்றாதீர்கள். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவது, விற்று மறுபடி வாங்குவதாகத்தான் கணக்கில் வரும். பங்கு ஃபண்டில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி. ஓராண்டுக்குள் என்றால் வரியும் கூடும், வெளியேறும் கட்டணமும் இருக்கலாம். புதிதாகப் போடுவதை டைரக்டில் தொடங்கி, பழையதை ஆண்டுக்குக் கொஞ்சமாக அந்த 1.25 லட்ச வரம்புக்குள் மாற்றலாம். இந்தக் கணக்கைப் போடாமல் "எல்லாத்தையும் நாளைக்கே மாத்துங்க" என்கிற ஆலோசகர் அவசரப்படுகிறார்.

"பேங்க் மேனேஜரே கூப்பிட்டுச் சொன்னாரு, எஃப்.டி. மாதிரிதான்னு. பார்த்தா பாலிசி. என்ன செய்ய?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். கிளைகளுக்குக் காப்பீட்டு விற்பனை இலக்கு உண்டு, அந்த ஊழியர்களும் நெருக்கடியில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் பாலிசியை டெபாசிட் என்று சொல்லி விற்பது தவறு. பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சில சிறு பிடித்தங்கள் போகப் பணம் திரும்ப வரும். வங்கியில் கேட்டுக்கொண்டு நாள் கடத்தாமல், காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுதி ஒப்புகை வாங்குங்கள்.

லாக்கர் வேண்டுமென்றால் பாலிசி எடுக்கவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி, மூன்று ஆண்டு வாடகையும் லாக்கரை உடைத்துத் திறக்கும் செலவும் ஈடாகும் அளவுக்கு டெபாசிட் கேட்கலாம். அதற்கு மேல் கேட்டால் விதியைக் காட்டச் சொல்லுங்கள்.

"புது ஆலோசகர் எங்க பழைய பாலிசியை எல்லாம் மூடச் சொல்றாரு. பன்னெண்டு வருஷம் கட்டியிருக்கோமே?"

காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த பாரம்பரிய எண்டோமென்ட் பாலிசி பெரும்பாலும் 5 முதல் 6 சதவீதம் தரும். வருடம் 1 லட்சம் வீதம் 20 வருடம் கட்டி, முடிவில் 36, 37 லட்சம் வந்தால் பெரிய தொகையாகத் தெரியும். அது ஏறத்தாழ ஐந்தரை சதவீதம்தான். அதே பணத்தை 7.1 சதவீத பி.பி.எஃப்.பில், 15 வருடம் முடிந்து ஐந்து வருடம் நீட்டித்துப் போட்டால் 44 லட்சத்தை ஒட்டி வரும். அதனால் ஆலோசகர் பாலிசியைக் குறை சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பன்னிரண்டு வருடம் கட்டிய பிறகு கணக்கே வேறு. இதுவரை கட்டியதை விட்டுவிடுங்கள், அது போன பணம். இன்று மூடினால் எவ்வளவு கிடைக்கும்? மூடாமல் மீதி எட்டு வருடம் கட்டினால் என்ன வரும்? இனிமேல் கட்டாமல், மூடவும் செய்யாமல் 'பெய்ட் அப்' ஆக விட்டுவைத்தால் என்ன வரும்? இந்த மூன்றையும் எழுத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடைசி வருடங்களில் தொடர்வதே லாபம் என்று வருவதும் உண்டு. எப்படி ஆனாலும், தேவையான டேர்ம் பாலிசி கைக்கு வருவதற்கு முன் பழையதை மூடக் கூடாது.

"நகைச்சீட்டு, ஏலச்சீட்டு எல்லாம் வேண்டாம்னு திட்டுவாங்களோ?"

திட்டுகிறவரிடம் போகாதீர்கள். பெண்ணுக்கு நகை சேர்ப்பது நம் குடும்பங்களில் உள்ள நிஜமான தேவை. அதைத் திட்டத்துக்குள் கொண்டுவருவதுதான் ஆலோசகரின் வேலை. நகைக்கடைச் சீட்டு பொதுவாக 11 மாதத்தில் முடிவதற்குக் காரணம், அதற்கு மேல் போனால் கம்பெனிகள் சட்டப்படி அது டெபாசிட் ஆகிவிடும். கடை மூடினால் உங்கள் பணத்துக்குக் காப்பு இல்லை என்பதை அவர் சொல்லவேண்டும். ஏலச்சீட்டு என்றால் 1982 ஆம் ஆண்டு சிட்ஃபண்டு சட்டத்தின் கீழ் பதிவானதா என்று பார்க்கவேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, முடிவை உங்களிடம் விடுகிறவர் நல்லவர்.

"அவர்தான் எல்லாம் பார்த்துக்கிட்டார். இப்ப அவர் இல்லை. பணம் வந்திருக்கு, ஆளாளுக்கு வந்து சொல்றாங்க. நான் யாரை நம்பறது?"

இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது, ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது. முதலில், எதையும் முடிவு செய்யாதீர்கள். வந்த பணம் சில மாதம் சேமிப்புக் கணக்கிலும் குறுகிய கால டெபாசிட்டிலும் இருக்கட்டும். ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு உண்டு என்பதால், பெரிய தொகையை நல்ல வங்கிகள் இரண்டு மூன்றில் பிரித்து வையுங்கள். இந்தச் சில மாதத்தில் வருகிற யாரிடமும் கையெழுத்து வேண்டாம். "இன்னைக்கே போட்டால்தான் இந்த வட்டி" என்கிறவரைக் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள்.

பிறகு ஆலோசகரைத் தேடும்போது, உங்களிடம் பேசுகிறாரா, கூட வந்த அண்ணனிடமோ மகனிடமோ பேசுகிறாரா என்று பாருங்கள். பணம் உங்களுடையது. நீங்கள் கேட்பதைப் பொறுமையாக, இரண்டு தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் விளக்குகிறவராக இருக்கவேண்டும். நாமினி என்று பெயர் இருப்பதாலேயே வங்கிப் பணமும் பங்கும் நாமினிக்குச் சொந்தமாகிவிடாது, அவர் வாரிசுகளுக்காக வாங்கிவைக்கும் பொறுப்பாளர். பங்குகளிலும் இதேதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே சேரும். இதை ஆரம்பத்திலேயே விளக்கி, தேவைப்பட்டால் வக்கீலிடம் அனுப்புகிறவர் தன் வேலையை அறிந்தவர்.

வயது 60 ஆகியிருந்தால், தபால் நிலையத்திலும் வங்கிகளிலும் இருக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை அவர் சொல்கிறாரா என்று கவனியுங்கள். அதில் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் வந்த 8.2 சதவீத வட்டியில் முழுத்தொகைக்கும் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வரும். முதல் பட்டியலில் இது இல்லாமல் வேறு எதையோ விற்க வருகிறவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

"பையன் துபாய்ல இருக்கான். இங்க உள்ள ஆலோசகரே அவனுக்கும் போதுமா?"

வெளிநாடுவாழ் இந்தியர் விதிகள் தெரிந்தவர் என்றால் போதும். ஒரு சின்னச் சோதனை: "அவன் புதுசா பி.பி.எஃப். தொடங்கலாமா?" என்று கேளுங்கள். முடியாது என்பதுதான் சரியான பதில். ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும் என்பதையும் அவரே சொல்லவேண்டும்.

"மாசம் மூணு சதவீதம் கேரண்டி தர்றேங்கிறாரு. தெரிஞ்சவங்களுக்கு ஒழுங்கா வந்துட்டிருக்கு. போடலாமா?"

வேண்டாம். மாதம் 3 சதவீதம் கூட்டு வட்டியில் வருடத்துக்கு 42 சதவீதத்துக்கும் மேல். அரசுத் திட்டம் 8.2 தரும்போது 42 தருகிறேன் என்பவர், பின்னால் வருகிறவர் பணத்தைத்தான் முன்னால் வந்தவருக்குக் கொடுக்கிறார். "ஒழுங்கா வந்துட்டிருக்கு" என்பது ஏமாற்றின் ஒரு பகுதி. பெருந்துறைப் பக்கம் அதிக வருமானம் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய ஈமு கோழிப் பண்ணைகள் 2012-ல் சரிந்தன. 2022-ல் ஆருத்ரா கோல்ட் என்ற நிறுவனத்தின் விவகாரம் வெடித்தபோது, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு சொன்னது. இரண்டிலும் ஆரம்பத்தில் பணம் வரத்தான் செய்தது. பதிவுபெற்ற எந்த ஆலோசகரும் வருமானத்துக்கு உத்தரவாதம் தரக் கூடாது. ஏற்கனவே போட்டுவிட்டீர்கள் என்றால், தமிழ்நாட்டில் டெபாசிட்தாரர் நலப் பாதுகாப்புக்கென்றே 1997 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள்.

"யூடியூப்ல, டெலிகிராம்ல சொல்றவங்க? நிறைய பேர் செபி ரிஜிஸ்டர்டுன்னு போடுறாங்களே?"

எந்தப் பதிவு என்று பாருங்கள். ஐ.என்.எச். என்று தொடங்கினால் அவர் பங்குகளை ஆராயும் ஆய்வாளர். ஒரு பங்கைப் பற்றிப் பொதுவாகக் கருத்து சொல்லலாம், உங்கள் குடும்ப நிலைமை அவருக்குத் தெரியாது. பதிவே இல்லாதவர் குறிப்பிட்ட பங்கை வாங்கு, விற்று விடு என்று சொல்லவே கூடாது. பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலும், ஏதோ ஒரு செயலியை லிங்க் மூலம் இறக்கச் சொன்னாலும், ஓ.டி.பி. கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். ஆலோசகருக்கு உங்களிடமிருந்து கட்டணம் மட்டுமே போகவேண்டும். முதலீட்டுப் பணம் உங்கள் கணக்கிலிருந்து நேராக ஃபண்டு நிறுவனத்துக்கோ தரகு நிறுவனத்துக்கோ போகவேண்டும். அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

"ஆலோசகர் சொன்னதைக் கேட்டு நஷ்டம். புகார் கொடுக்கலாமா?"

சந்தை விழுந்ததால் வந்த நஷ்டத்துக்குப் புகார் நிற்காது. உங்களுக்குப் பொருந்தாததைப் பரிந்துரைத்தார், கமிஷனை மறைத்தார், ஒப்பந்தம் இல்லாமல் கட்டணம் வாங்கினார், உத்தரவாதம் தந்தார் என்றால் நிற்கும். ரிஸ்க் படிவத்தைப் பற்றி முன்பு அவ்வளவு சொன்னதற்குக் காரணம் இதுதான். முதலில் அவருக்கே எழுத்தில் கொடுங்கள். பிறகு ஸ்கோர்ஸ் என்ற செபியின் இணையவழிப் புகார்த் தளம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் பதியவேண்டும், ஆலோசகர் 21 நாளில் பதில் தரவேண்டும். அதிலும் தீரவில்லை என்றால் ஸ்மார்ட் ஓ.டி.ஆர். என்ற இணையவழி சமரசத் தளம் இருக்கிறது. காப்பீட்டுக்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா புகார்த் தளமும், அதற்கு மேல் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகமும் உண்டு.

"எங்க மாமாதான் ஏஜென்ட். வேண்டாம்னு சொன்னா உறவே கெட்டுடும். என்ன சொல்றது?"

அவர் முகத்துக்காகப் பாலிசி எடுத்து 20 வருடம் கட்டுவதை விட, ஒரு நாள் சங்கடம் பரவாயில்லை. "எல்லாத்தையும் ஒரு ஆலோசகர்கிட்ட கொடுத்திருக்கேன் மாமா, அவரைக் கேக்காம எதுவும் செய்யறதில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டேன்" என்று சொல்லலாம். நிஜமாகவே தேவைப்படும் டேர்ம் பாலிசியையோ மருத்துவக் காப்பீட்டையோ அவரிடமே எடுக்கலாம். கிளெயிம் நேரத்தில் ஓடி வருகிற மாமாவாக இருந்தால் அது நல்ல முடிவும்கூட. தொகையையும் திட்டத்தையும் நீங்கள் முடிவு செய்துவிட்டு அவரிடம் போங்கள்.

"ரெண்டு வருஷமா ஃபீஸ் கட்டறேன். 'ஒண்ணும் மாத்த வேண்டாம்'னே சொல்றாரு. வேலையே செய்யலையோ?"

மாற்றவேண்டாம் என்பதும் ஆலோசனைதான், காரணத்தோடு சொன்னால். வருடாந்திரச் சந்திப்பில் அவர் என்ன பார்த்தார் என்று கேளுங்கள். உங்கள் சம்பளம், கடன், குடும்ப நிலை மாறியதா என்று கேட்டாரா? பங்கு, கடன் பத்திர விகிதம் திட்டமிட்ட அளவில் இருக்கிறதா என்று கணக்குப் போட்டாரா? மகளின் கல்லூரிக்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது என்றால் அந்தப் பணத்தைப் பங்கிலிருந்து மெல்ல நகர்த்தத் தொடங்கினாரா? நாமினி, காப்பீட்டுப் புதுப்பிப்பு, உயில் இவற்றைத் தொட்டாரா? இதையெல்லாம் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு "மாற்றவேண்டாம்" என்றால் கட்டணத்துக்கு வேலை நடந்திருக்கிறது. போனிலேயே இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார் என்றால், அடுத்த கட்டணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் அறிக்கை கேளுங்கள். தரவில்லை என்றால், ஒப்பந்தத்தில் உள்ளபடி அறிவிப்புக் கொடுத்து விலகிவிடலாம். ஃபண்டுகள் உங்கள் பெயரிலேயே இருப்பதால் எதையும் விற்க வேண்டியதில்லை.